எல்லாம் தெரிந்த மாமா கடல் பார்க்கப் போனது

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். 'தெரியாது' என்று சொல்லத் தெரியாது. மற்றபடி ஆகாசத்துக்குக் கீழே இருப்பதும் தெரியும், மேலே இருப்பதும் தெரியும்.

எனக்கு அவர் மாமா. எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைக் கேலி பண்ணக் கொழுந்தியாளுக்கு யாரும் எழுதிக் கொடுக்காத உரிமை ஒன்று உண்டு. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை. இப்போது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. உரிமை மட்டும் என்னிடம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆள் நல்ல உயரம். ஒல்லி. தோளில் எப்போதும் சலவை மடிப்புக் கலையாத துண்டு. யாராவது எதையாவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். தரையை ஒரு பார்வை பார்ப்பார். மூக்குப்பொடி ஒரு சிட்டிகை எடுப்பார். தும்மல் வராது. "அதாவது என்னான்னா..." என்று ஆரம்பிப்பார். அந்த மூக்குப்பொடி நேரத்துக்குள் பதில் எங்கிருந்து வந்ததோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் வந்துவிடும். கேட்டவர் சந்தேகப்பட முடியாத கனமான குரலில் வரும்.

குருபரப்பள்ளியில் ரோட்டோரம் ஒரு டீக்கடை இருந்தது. மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போகிற லாரிகள் அங்கே நிற்கும். அந்தக் கடையில் மாமாவுக்குப் பங்கும் கிடையாது, வேலையும் கிடையாது. காலையில் ஏரிக்குக் கீழே இருக்கிற தன் வயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே வந்து கடை பெஞ்சில் உட்காருவார். வழி கேட்கிற டிரைவர்களுக்கு வழி சொல்வதுதான் அவர் உத்தியோகம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆகவே மூன்று பாஷைக்காரர்களுக்கும் பாரபட்சம் இல்லாமல் தப்பான வழி சொல்ல அவரால் முடிந்தது.

ஒருதடவை குப்பத்துக்குப் போக வேண்டிய தெலுங்கு டிரைவர் ஒருவனை ராயக்கோட்டைப் பக்கம் அனுப்பிவிட்டார். குப்பம் வடக்கே, ராயக்கோட்டை தெற்கே. மறுநாள் அந்த டிரைவர் கண் சிவக்கத் திரும்பி வந்து கடை முன்னால் லாரியை நிறுத்தினான். அடிதடி ஆகப்போகிறது என்று கடைக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டார். மாமா அசையவில்லை. நான் சொன்ன இடத்தில் திரும்பினாயா என்று தெலுங்கில் கேட்டார். திரும்பினேன் என்றான். "அங்கதான்யா தப்பு பண்ணிட்ட!" என்று பெஞ்சில் தட்டினார் மாமா. "திரும்பறதுக்கு முன்னாடி அங்க ஒருத்தன கேட்டிருக்கணும். கேக்காம திரும்புனா லாரி எப்படிப் போய்ச் சேரும்?" அந்த டிரைவர் கொஞ்ச நேரம் யோசித்தான். தப்பு தன்னுடையதுதான் போலிருக்கிறது என்று அவனுக்கே தோன்றிவிட்டது. போகும்போது மாமாவுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

ருஷ்யாக்காரன் ஆகாசத்தில் ஏதோ ஒன்றை விட்டிருக்கிறான், அது பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம் என்று பேப்பரில் வந்ததே, அந்த வருஷம். ஊரே பொழுது சாய்ந்ததும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. மாமா தெருவில் நின்று, மேற்கே மினுக்கிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டி "அதா, அதுதான்" என்றார். எல்லோரும் பார்த்தோம். கும்பிட்டவர்கள்கூட உண்டு. பத்து நாள் கழித்தும் அது அதே இடத்தில் இருந்தது. "என்னாங்க மாமா, சுத்தி வரும்ன்னாங்க, இது நகரவே இல்லயே?" என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். பொடி எடுத்தார். "அதாவது என்னான்னா, இப்பத்திக்கு நம்ம ஊருக்கு மேல நிறுத்தி வெச்சிருக்கான்" என்றார். எங்கள் ஊரில் அப்படி ருஷ்யாக்காரன் நின்று பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மனசுக்குள் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முழுக்க முழுக்கப் பொய்யர் என்று சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு விஷயத்தில் அவர் சொன்னது பலிக்கும். அது எங்கள் ஏரி. மழை பெய்த மறுநாள் கரைமேல் நடந்துபோய் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீர் ஓரமாக வைப்பார். வானத்தை ஒரு பார்வை, கல்லை ஒரு பார்வை. "நாளைக்குச் சாயந்தரம் கோடி போகும்" என்பார். மறுநாள் சாயந்தரம் ஏரி நிரம்பிக் கோடியில் தண்ணீர் வழியும். ஊர்க்காரர்கள் தேங்காய் உடைப்பார்கள். "மழ பெஞ்சா ஏறும், மதகு தொறந்தா எறங்கும். தண்ணிக்கு வேற புத்தி கெடையாது" என்பது அவர் சொல்லிக்கொண்டே இருக்கிற வசனம். இந்த ஒரு விஷயத்தில் தப்பாததால், மற்ற எல்லா விஷயத்திலும் தப்பினதை ஊர் மன்னித்து வைத்திருந்தது.

அக்காவும் மன்னித்துத்தான் வைத்திருந்தாள், பாப்பா விஷயம் வரைக்கும்.

அக்காவுக்குப் பெண் குழந்தை. நான் கல்யாணத்துக்கு முன்னால் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அந்தக் குழந்தை பாதி நேரம் என் இடுப்பில்தான் இருக்கும். நடக்க ஆரம்பித்திருந்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அக்கா சேலையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மாமா தரையைப் பார்த்தார். பொடி எடுத்தார். "அதாவது என்னான்னா, இது பல்லு மொளைக்கிற காச்சல். எனக்குத் தெரியும். தானா எறங்கிடும்" என்றார். அக்கா சேலையை அவிழ்த்துப் பழையதைக் கட்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது, ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். வேறு எதுவும் அவர் செய்வதற்கு இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமா அது என்ன மாதிரியான காய்ச்சல், எந்தக் காற்றில் வரும், ஏன் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது என்றெல்லாம் விளக்கம் சொன்னார். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். அவர் அழவே இல்லை. பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சை என்னால் கேலி பண்ண முடியவில்லை. அன்றைக்கு அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அக்கா அவரிடம் சண்டை போடவில்லை. அம்மா வீட்டுக்கும் வரவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிப்பு மட்டும் போய்விட்டது. ஒருநாள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் சொன்னாள்: "பாப்பா போனதுக்கு அவர குத்தம் சொல்லல. காய்ச்சல் யார் வீட்டுக்கும் வரும். எனக்குத் தெரியல புள்ள, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னா போதும். அத சொல்லாம அந்தாளால சாவக்கூட முடியும் போல. என்னால வாழ முடியாது."

அதற்குமேல் அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததை மாமாவிடம் சொல்லலாம்தான். உலகத்தில் எல்லாம் தெரிந்தவரிடம் போய் நான் எதைச் சொல்ல?

இரண்டு வருஷம் கழித்து ஊரில் எல்லோருமாகப் பணம் போட்டு ஒரு பஸ் பிடித்துக் கன்னட நாட்டில் இருக்கிற தர்மஸ்தலம் கோயிலுக்குப் போனோம். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரரும் வந்தார். அதிகம் பேசாத மனுஷர். மாமாவின் பக்கத்து சீட்டு அவருக்கு வாய்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாவமாக இருக்கிறது. அந்தச் சாமி முன்னால் நின்று பொய் பேசினவன் ஒழுங்காக வீடு வந்து சேரமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. அக்கா அந்தப் பயத்தை நம்பித்தான் கிளம்பினாள் என்று நினைக்கிறேன்.

பஸ் டிரைவர் ஜூஜுவாடிக்காரர். பெங்களூர் ரோடு அவருக்கு வீட்டு வாசல் மாதிரி. இருந்தாலும் ஓசூர் தாண்டும்வரை மாமா அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். ஜூஜுவாடியில் டிரைவர் தன் வீட்டு முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "இங்க நிறுத்தக் கூடாதுப்பா, இன்னும் கொஞ்சம் முன்னாடி போனா நல்ல தண்ணி கெடைக்கும்" என்றார் மாமா. "சாமி, இது எங்க ஊட்டுத் தண்ணிங்க" என்றார் டிரைவர். "அதான் சொல்றேன்" என்றார் மாமா.

கோயிலில் சன்னிதி முன்னால் அக்கா மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மாமா வாயைத் திறந்தார். கோயிலைக் கட்டினது எந்த ராஜா என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற அந்த ஊர்க்காரர் ஒருவர் மாமாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணைத் திறந்து குங்குமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கடலையும் பார்த்துவிடலாம் என்று பஸ்ஸில் எல்லோரும் ஆசைப்பட்டார்கள். எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. மாமாவும் பார்த்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். கடலோரத்தில் சர்க்கார் பூங்கா ஒன்று இருக்கிறது என்று டிரைவர் அங்கே கொண்டுபோய் விட்டார். பூங்கா என்றால் பூச்செடி வைத்த பூங்கா இல்லை. கடலை ஒட்டி ஒரு காடு. அந்தக் காட்டுக்குள் மனுஷர் நடக்கச் செம்மண் பாதைகள் போட்டு, அங்கங்கே சிமென்ட் பெஞ்சு வைத்திருந்தார்கள். முந்திரி மரங்கள், எங்களுக்குப் பேர் தெரியாத மரங்கள், குரங்குகள். பாதை முடிகிற இடத்தில் காடு சட்டென்று நின்றுவிடும். அப்புறம் கறுப்புக் கறுப்பாகப் பாறைகள். அதற்கு அந்தப் பக்கம் கடல்.

பாறையைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் தொங்கிவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்தால் பாறை, வயலுக்குப் போனால் பாறை, மலை என்று பேர் வைத்திருப்பதும் பாறை என்று வாழ்கிறவர்கள் நாங்கள். பஸ்ஸுக்குப் பணம் கட்டி, மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது இதற்குத்தானா என்று ஒரு கிழவர் கேட்டார். அப்புறம் பாறைகளைத் தாண்டிப் பார்த்தார்கள். கேட்ட கிழவரே கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அத்தனை தண்ணீர். எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை சண்டை!

"அதாவது என்னான்னா, இது நம்ம ஏரி மாதிரி ஒரு இருவது முப்பது ஏரி சேந்தது" என்றார் மாமா.

"அந்தப் பக்கத்துக் கரை எங்கங்க மாமா?" என்று கேட்டேன்.

"பனியில தெரியல. வெயில் ஏறட்டும், தெரியும்."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. அதைச் சொல்லி அவர் மனசை நோகடிப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

தண்ணீர் ஓரமாகப் போய் ஒரு கல்லை எடுத்து வைத்தார், ஏரியில் வைக்கிற மாதிரி. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே மேடை மாதிரி தட்டையாக ஒரு பெரிய பாறை இருந்தது. அதுவரைக்கும் ஈர மணலில் நடந்தே போகலாம். உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம். எல்லோரும் புளிச்சோற்றுத் தூக்குகளோடு அங்கே போய் உட்கார்ந்தோம். பூங்காவின் காவல்காரர் கரையில் நின்று கையை ஆட்டினார். "மத்யானத மேலெ நீரு ஏருத்தெ! பண்டெ மேலெ யாரூ கூரபேடி!" என்று கத்தினார். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், பாறைமேல் யாரும் உட்காராதீர்கள் என்றார். எங்கள் பஸ்ஸில் கன்னடம் புரியாதவர் ஒருவரும் இல்லை.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை.

"மழ இல்லாம தண்ணி எங்கிருந்துய்யா ஏறும்? மேல எங்கனா மதகு ஒடஞ்சாத்தான் உண்டு" என்றார். "நம்மள பட்டிக்காட்டான்னு நெனச்சிக்கினு பயம் காட்றான். சாப்புடுங்க."

சாப்பிட்டார்கள். வேறு என்ன செய்வார்கள்? சமையலைப் பற்றி அவர் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ராஜாக்களைப் பற்றி என்றால் கொட்டாவி விட்டிருப்பார்கள். ஆனால் இது தண்ணீர். தண்ணீர் விஷயத்தில் அவர் பேச்சு தவறியதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. தண்ணீரென்றால் எங்களுக்கு ஏரிதான். மழை பெய்யாமல், மதகு திறக்காமல், சும்மா இருக்கிற தண்ணீர் தானாகக் கிளம்பி வரும் என்று எங்களில் யார் வீட்டில் யார் சொல்லி வளர்த்தார்கள்? டிரைவர் மட்டும், "பெரியவரே, அவுரு சொல்றத கேட்டுக்கலாங்க" என்றார். "நீ வண்டிய பாரு" என்றார் மாமா.

சாப்பிட்டு முடித்ததும் காட்டுப் பாதைகளைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மாமா எல்லோரையும் கிளப்பினார். அக்காவுக்கு மலைப்பாதையில் வாந்தி எடுத்த களைப்பு. நான் வரவில்லை என்றாள்.

"சரி, நீ இங்கயே இரு. தூக்கெல்லாம் பாத்துக்க. நான் வந்து கூப்புடற வரைக்கும் எறங்காத" என்றார் மாமா.

"தண்ணி ஏறும்ன்னாரே அவரு" என்றாள் அக்கா.

"ஏறாது. எனக்குத் தெரியும்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் துணைக்கு இருக்கிறேன் என்றேன். "நீ போய்ட்டு வா, புதுசா கல்யாணம் ஆனவ" என்று என்னை விரட்டிவிட்டாள்.

காட்டுக்குள் பாதை மூன்றாகப் பிரிந்தது. மாமா தரையைப் பார்த்து, பொடி எடுத்து, நடுப்பாதையில் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு வந்தது. உட்கார்ந்து எழுந்தோம். மறுபடி நடந்தோம். மறுபடி ஒரு பெஞ்சு. "இதுல ஏற்கெனவே உக்காந்த மாதிரி இருக்குதே" என்றார் ஒருவர். "சர்க்கார் ஒரே அச்சுல நெறைய பெஞ்சு போட்டிருக்குது" என்றார் மாமா. மறுபடியும் நடந்து இன்னொரு பெஞ்சுக்கு வந்தோம். அதன்மேல் என் வீட்டுக்காரர் முதல் பெஞ்சில் மறந்து வைத்துவிட்டு வந்த துண்டு கிடந்தது. அவர் அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "துண்டும் அதே அச்சுலதான் போட்டிருக்காங்களா மாமா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அன்றைக்குக் காட்டுக்குள் நின்ற எங்களுக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

காவல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். உங்கள் கூட்டத்து அம்மா பாறைமேல் இருக்கிறார், சுற்றிலும் தண்ணீர் வந்துவிட்டது, எத்தனை கூப்பிட்டும் இறங்கமாட்டேன் என்கிறார் என்று கன்னடத்தில் சொன்னார். நாங்கள் அவர் பின்னால் ஓடினோம். கடல் அத்தனை பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. நாங்கள் அதன் முதுகுப் பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நாங்கள் நடந்துபோன ஈர மணலைக் காணோம். மாமா வைத்த கல்லைக் காணோம். அந்த இடம் முழுக்க நுரையும் அலையுமாகப் புரண்டுகொண்டிருந்தது. நடுவில் அந்தத் தட்டைப் பாறை. அதன்மேல் அக்கா முழங்காலைக் கட்டிக்கொண்டு, தூக்குகளை மடிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அலையும் பாறைமேல் ஏறி அவள் சேலையை நனைத்துவிட்டு இறங்கியது. மீன்பிடிக்கிற ஆள் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கயிற்றின் இந்தப் பக்கத்து முனையை அவருடைய ஆட்கள் கரையில் பிடித்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் தங்களாலேயே முடியாது என்றார்கள். நான் "அக்கா!" என்று கத்தினேன். 

"ஏ புள்ள! எறங்கி வா!" என்று கத்தினார் மாமா.

"எறங்காதன்னீங்களே!" அக்கா குரலில் அவசரமே இல்லை. கத்திச் சொன்னாலும் வாசலில் நின்று பால்காரரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. "தண்ணி ஏறாதுன்னு சொன்னீங்க!"

"அதாவது என்னான்னா..." என்று ஆரம்பித்தார் மாமா. அந்த நேரத்திலும் கை மடியில் இருந்த பொடி டப்பாவைத் தேடியது. "இன்னிக்கு என்னமோ காத்து மாறி அடிக்குது, அதனால..."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் அக்கா. "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத சொல்லுங்க."

பின்னால் மொத்தப் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. ஏரியில் அவர் கல் வைத்தால் தேங்காய் வாங்கி வைக்கிறவர்கள் எல்லோரும் இருந்தார்கள். மாமா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பெரிய அலை வந்து பாறைமேல் ஏறியது. தூக்குகளில் இரண்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா சாய்ந்தாள். அந்த மீன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அந்தக் கையை உதறிவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. அவள் பயப்படவில்லை. தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் அவள் காத்திருப்பாள்.

மாமா தண்ணீரில் இறங்கிவிட்டார். துண்டு, பொடி டப்பா, வேட்டி எல்லாவற்றோடும் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவர் ஓடிப்போய் அவருடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாது!" என்று கத்தினார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். பழக்கமில்லாததால் குரல் கிறீச்சிட்டது.

"எது தெரியாது?" என்றாள் அக்கா.

"தண்ணி ஏறும்னு தெரியாது! கடலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது!"

"அப்பறம்?"

  ஒரு அலை மாமா தலைக்குமேல் போயிற்று. இருமிக்கொண்டு எழுந்தார். அக்கா என்ன கேட்கிறாள் என்று ஊர்க்காரர்களுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது.

"பாப்பாவுக்கு என்ன காச்சல்னு எனக்குத் தெரியாது புள்ள" என்றார். இப்போது அவர் கத்தவில்லை. அது பாறைவரைக்கும் கேட்டதே பெரிசு. "ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

இரண்டு வருஷமாக அழாத மனுஷர் அந்தத் தண்ணீருக்குள் நின்று அழுதார். மூக்கைச் சிந்தக்கூட அவருக்குக் கை காலியாக இல்லை.

அக்கா எழுந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். மீதியிருந்த தூக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். விட்டுவிட்டு வாருங்கள் என்று அந்த மீன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா கேட்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் தூக்கு வாளிகள் மிதக்க, தண்ணீரில் இறங்கி வந்தாள். மாமா நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். இரண்டு பேருக்கும் மார்பளவு தண்ணீர். இரண்டு பேரையும் இரண்டு ஆட்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

மாமா யோசிக்கவில்லை. தரையைப் பார்க்கவில்லை, பார்ப்பதற்குத் தரையும் இல்லை.

"தெரியாது."

"பின்ன எதுக்கு எறங்குனீங்க?"

மாமா அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். 

"தெரியல புள்ள."

அக்கா சிரித்தாள். பாப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தூக்குகளை விட்டுவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.  அவருக்குத் தெரியாமல் போன அந்தப் பதில் எங்கள் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.